ஏகாம்பரத்தின் கழுத்தில் வைத்த வெள்ளிக் குழாய்

1. கேள்வி முடிவதற்குள்

ஏகாம்பரம் முதல் தடவை ஓ.பி.க்கு வந்த அன்று, "என்ன தொந்தரவு?" என்று டாக்டர் கேட்டு முடிப்பதற்குள் ஸ்டூலில் உட்கார்ந்தபடியே தூங்கிப் போனார். சும்மா கண் அசந்த தூக்கம் இல்லை, அறை அதிரக் குறட்டை. வெளியே வரிசையில் நின்றவர்கள் எட்டிப் பார்த்துச் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது. திடீரென்று குறட்டை நின்றது. மார்பு மட்டும் மேலும் கீழும் இழுத்துக்கொண்டிருந்தது, மூச்சைக் காணோம். உதடு கறுக்க ஆரம்பித்தது. நான் ஆக்ஸிஜன் எடுக்க ஓடினேன். அதற்குள் கூட வந்திருந்த அவர் மனைவி பச்சையம்மா, பதற்றமே இல்லாமல், அவர் தோளைப் பிடித்து நன்றாக உலுக்கினாள். தொண்டை கிழிகிற மாதிரி ஓர் இழுப்பு இழுத்து மூச்சு வந்தது. கண்ணைத் திறந்து, "இன்னா கேட்டீங்க டாக்டர்?" என்றார்.

"தெனமும் இதாம்மா," என்றாள் பச்சையம்மா என்னிடம். "ராத்திரியில மூச்சு நின்னு நின்னு வருது. நான் பக்கத்துல படுத்துக்கினு கேட்டுக்கினே இருப்பேன். சத்தம் நின்னுச்சுனா உலுக்குவேன். நான் தூங்கி எத்தினி வருசம் ஆச்சோ, யாருக்குத் தெரியும்?"

இது எழுபதுகளில் நடந்தது. காஞ்சிபுரத்தில் ஒரு தனியார் மருத்துவமனை. பெயர் வேண்டாம். நடத்தியவர்கள் போய்ச் சேர்ந்துவிட்டார்கள், கட்டடத்தில் இப்போது பட்டுக் கடை இருக்கிறது. நான் அங்கே வார்டு சிஸ்டர். ஐயம்பேட்டைப் பக்கம் காலனியில் பிறந்தவள். அப்பா அடுத்தவர் நிலத்தில் ஏர் ஓட்டியவர். மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்து, நர்ஸிங் முடித்து, வெள்ளை உடுப்போடு பஸ்ஸில் இறங்கி நடந்து வருவேன். கிருபா சிஸ்டர் என்றால் வார்டு கொஞ்சம் பயப்படும். எனக்கு வாய் அதிகம் என்று அன்றும் சொல்வார்கள், இன்றும் சொல்கிறார்கள். சொல்லட்டும்.

ஏகாம்பரத்தை அழைத்து வந்தவர் அவருடைய முதலாளி ராஜமாணிக்கம். தறியும் அவருடையது, பட்டும் ஜரிகையும் அவர் கொடுப்பது, செலவும் அவர் ஏற்றுக்கொண்டார். நல்ல மனுஷன் என்றுதான் நானும் அன்று நினைத்தேன்.

"கை தங்கம் டாக்டர் இவனுக்கு," என்றார் அவர். "ஆனா நெய்ய சொல்லவே தூங்கிடறான். நாடாவ விட்டவன் அப்பிடியே சாஞ்சிடறான். தறியில பூட்டின பாவு இழை அறுந்து போவுது. முகூர்த்தப் பொடவை, பார்ட்டிக்கு நான் இன்னா பதில் சொல்றது? இது சரியாவலன்னா தறிய வேற ஆளுக்குத்தான் மாத்தணும்."

ஏகாம்பரம் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டார். தறி போனால் அவருக்கு வேறு எதுவும் கிடையாது. குடியிருந்த வீடே தறி வைத்திருக்கும் வீடுதான். தறி கை மாறினால் வீடும் கை மாறும். "குடிச்சிட்டு தூங்கறான்னு ஊரே சொல்லுது சிஸ்டர். நான் கள்ளைக் கண்ணால பாத்ததில்ல," என்றார் என்னிடம். சொல்லிக்கொண்டிருக்கும்போதே மறுபடி தூங்கிவிட்டார்.

2. பஞ்சுத் திரி

எங்கள் பெரிய டாக்டர் காது மூக்கு தொண்டை நிபுணர். சீமையில் படித்துவிட்டு வந்தவர். கெட்டிக்காரர், அதில் சந்தேகமே இல்லை. அவரைப் பற்றிப் பின்னால் கசப்பாக எழுதப் போகிறேன் என்பதால் இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

அந்தக் காலத்தில் இந்த நோய்க்கு இங்கே பெயர்கூடக் கிடையாது. குண்டான ஆள், சோம்பேறி, தைராய்டாக இருக்கும் என்று அனுப்பிவிடுவார்கள். தூக்கத்தை அளந்து பார்க்க மெஷினெல்லாம் ஏது! பெரிய டாக்டர் ஏகாம்பரத்தை அட்மிட் செய்து, மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு படுக்கச் சொன்னார். படுக்கச் சொல்லவே வேண்டாம், அவர்தான் எப்போது வேண்டுமானாலும் தூங்குவாரே. டாக்டர் ஒரு பஞ்சை நூலாகத் திரித்து என் கையில் கொடுத்து, மூக்குக்கு நேரே பிடிக்கச் சொன்னார். தன் கையை அவர் மார்பில் வைத்துக்கொண்டார். பஞ்சு ஆடியது. குறட்டை ஏறிற்று. பிறகு பஞ்சு அசையாமல் நின்றுவிட்டது. மார்போ படாத பாடு படுகிறது.

"பாத்தீங்களா சிஸ்டர்? நெஞ்சு வேலை செய்யுது, மூளை வேலை செய்யுது. நடுவுல தொண்டை மட்டும் மூடிக்குது. தூங்கினா சதை தளர்ந்து வழிய அடைச்சுக்குது. இவர் ராத்திரி முழுக்க மூச்சுக்குப் போராடுறார். அதான் பகல்ல தூங்குறார்."

"இதுக்கு மருந்து?"

"மருந்து இல்ல. அடைப்புக்குக் கீழ ஒரு வழி போட்டுடலாம்."

தொண்டைக்குக் கீழே மூச்சுக்குழாயில் ஓட்டை போட்டு, அதில் ஒரு வளைந்த ட்யூப் வைப்பது. ட்ரக்கியாஸ்டமி. டிப்தீரியா குழந்தைக்கும் தொண்டைப் புற்றுக்காரருக்கும் உயிர் போகிற நேரத்தில் செய்வதை நான் பார்த்திருக்கிறேன். நடமாடிக்கொண்டிருக்கிற மனுஷனுக்கு, தூக்கத்துக்காகச் செய்வதைக் கேள்விப்பட்டதுகூட இல்லை. வெளிநாட்டில் இரண்டொரு இடத்தில் செய்து பார்த்திருக்கிறார்கள், பத்திரிகையில் வந்திருக்கிறது என்றார் டாக்டர். பகலில் ட்யூபின் வாயைக் கார்க்கால் மூடிக்கொள்ளலாம், மற்றவர்கள் மாதிரி பேசலாம், வேலை செய்யலாம். ராத்திரி படுக்கும்போது கார்க்கைக் கழற்றிவிட வேண்டும். தொண்டை மூடிக்கொண்டாலும் மூச்சு கீழ்வழியாகப் போய் வரும். அவ்வளவுதான் வித்தை. கேட்கும்போது சுலபமாக இருந்தது.

"நம்ம பக்கத்துல இத யாரும் செஞ்சதில்ல சிஸ்டர்," என்றார். அவர் கண்ணில் ஒரு பளபளப்பு இருந்தது. தப்பில்லை, எந்த டாக்டருக்குத்தான் அது இருக்காது?

3. விழித்துக்கொண்ட மனுஷன்

ஆபரேஷன் நன்றாக நடந்தது. குட்டைக் கழுத்து, சதைப் பிடிப்பு, மூச்சுக்குழாயைத் தேடிப் பிடிக்கவே டாக்டருக்கு வியர்த்துவிட்டது. கடைசியில் வெள்ளி ட்யூபை உள்ளே விட்டதும் புஸ்ஸென்று காற்று வந்தது. எல்லோரும் மூச்சு விட்டோம்.

மறுநாள் மதியம் அவர் தூங்கும்போது நான் பஞ்சை ட்யூபின் வாயில் பிடித்தேன். ஆடியது. நிற்காமல் ஆடிக்கொண்டே இருந்தது. குறட்டை இல்லை, கறுப்பு இல்லை. வார்டில் அத்தனை அமைதியாக ஒருவர் தூங்கி நான் பார்த்ததில்லை. நான் கட்டில் ஓரமாக நின்று அழுதேன். ஏன் என்று கேட்டால் தெரியாது.

எழுந்ததும் அவர் சுற்றுமுற்றும் பார்த்தார். விரலால் ட்யூபை அடைத்துக்கொண்டு பேச நான் சொல்லிக் கொடுத்திருந்தேன். விரலை வைத்து, கரகரத்த குரலில், "சிஸ்டர், தூங்குறதுன்னா இதானா?" என்றார்.

அதற்கப்புறம் வார்டில் அவர் கொட்டம் தாங்கவில்லை. தூங்கு மூஞ்சி என்று ஊர் பெயர் வைத்த ஆள், விடிந்ததிலிருந்து ஒருவரையும் விடுவதில்லை. யார் எந்தப் புடவை கட்டி வந்தாலும் கரையைப் பிடித்துப் பார்த்துவிடுவார். பிரின்ஸிபால் அம்மா ஒருத்தர் உறவுக்காரரைப் பார்க்க வந்தபோது, விரலைத் தொண்டையில் வைத்துக்கொண்டு, "அம்மா, இது கரையத் தனியா நெஞ்சு கோத்த கோர்வை இல்லமா, ஏமாத்திட்டான்," என்று சொல்லிவிட்டார். அந்த அம்மா முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே! "சும்மா இருக்க மாட்டீங்களா?" என்று நான் அதட்டினால், "இத்தினி வருசம் சும்மாத்தானே இருந்தேன்," என்பார்.

மதியத்தில் பச்சையம்மா சோற்றுத் தூக்கோடு வருவாள். உள்ளே நுழையும்போதே கிளம்புகிற அவசரம் இருக்கும். கோர்வைப் புடவை ஒற்றை ஆள் நெய்வதில்லை. குறுக்கு இழையை ஓட்டும் நாடா கரைக்கு ஒன்று, உடலுக்கு ஒன்று என்று தனித்தனி. ஒரு பக்கம் உட்கார்ந்தவர் விடும் நாடாவை எதிர்ப்பக்கம் இருப்பவர் வாங்கித் திருப்பிவிட வேண்டும். அந்த எதிர்ப்பக்கம் எப்போதும் பச்சையம்மாதான். புருஷன் ஆஸ்பத்திரிக்கு வந்ததும் முதலாளி வேறு ஒருவரை அவர் இடத்தில் உட்கார வைத்துவிட்டார். இவள் எழுந்தால் தறி நின்றுவிடும்.

ஒருநாள் அவள் தூங்குகிற புருஷனையே பார்த்துக்கொண்டு நின்றாள். கை தன்னாலே அவர் தோளுக்குப் போனது. "உலுக்காதே," என்றேன். கையை இழுத்துக்கொண்டு சிரித்தாள். "பழகிப்போச்சு சிஸ்டர். இனிமே நானும் தூங்கலாமா?"

"தூங்கு தாயே, நல்லா தூங்கு," என்றேன்.

4. பார்ட்டி

புண் ஆறி வந்தது. வார்டில் இருந்தவரை ட்யூபைத் திறந்தேதான் வைத்திருந்தோம். கார்க் போட்டுப் பழக்குவது கடைசிப் பாடம். நான் டாக்டரிடம் போய்ச் சொன்னேன்.

"சார், வீட்டுக்கு அனுப்புறதுக்கு முன்னாடி அந்தம்மா ரெண்டு நாள் இங்க தங்கட்டும். உள் ட்யூபைக் கழட்டிக் கழுவணும், சளி எடுக்கணும், கார்க் போடணும், எடுக்கணும். கையால செஞ்சாத்தான் வரும்."

"நான் பார்ட்டிகிட்ட பேசுறேன்," என்றார்.

பார்ட்டி என்றால் யார் என்று நினைக்கிறீர்கள்? ராஜமாணிக்கம்! எங்கள் ஆஸ்பத்திரியில் அப்படித்தான் வழக்கம். நோயாளியை யார் கூட்டி வந்தார்களோ, யார் பேண்ட் சட்டை போட்டு நாற்காலியில் உட்காரத் தெரிந்தவரோ, அவர்தான் பார்ட்டி. நோய், ஆபரேஷன், மருந்து எல்லாம் அவருக்குத்தான் விளக்கப்படும். கட்டிலில் கிடப்பவருக்குப் பாதி தெரியும். பெண்டாட்டிக்கு ஒன்றும் தெரியாது. அவள் வராந்தாவில் நிற்க வேண்டியவள்.

"அவ ரெண்டு நாள் வந்துட்டா தறி யார் பாக்கறது சார்?" என்றாராம் முதலாளி. "ஆவணி முகூர்த்தம் தலைக்கு மேல நிக்குது. நீங்க எங்கிட்ட சொல்லுங்க, நான் சொல்லிக்கிறேன்."

டாக்டர் சரி என்றுவிட்டார். எனக்கு எரிச்சலாக வந்தது. "சார், ராத்திரி அவர் பக்கத்துல படுக்கப்போறது முதலாளியா?" என்று கேட்டேன். தியேட்டர் வாசலில் நாலு பேர் முன்னால் கேட்டுவிட்டேன். டாக்டர் முகம் சிவந்துவிட்டது. "சிஸ்டர், யுவர் லிமிட்," என்று விரலை ஆட்டினார். அந்த வாரக் கடைசி வரை அவர் என்னோடு பேசவில்லை.

5. ஞாயிற்றுக்கிழமை

ஞாயிற்றுக்கிழமை எனக்கு லீவு. கோயிலுக்குப் போய் ஆராதனை முடித்து வீட்டில் இருந்தேன். திங்கட்கிழமை வார்டுக்குள் நுழைந்தால் ஏகாம்பரத்தின் கட்டிலில் வேறு ஆள்.

டூட்டியில் இருந்த புது நர்ஸைப் பிடித்துக் கேட்டேன்.

"டிஸ்சார்ஜ் ஆயிட்டாருக்கா. டாக்டருக்கு மெட்ராஸ்ல மீட்டிங்காம். இந்த கேஸப் பத்திதான் பேசப் போறாராம். அதுக்குள்ள டிஸ்சார்ஜ் காட்டணும்னு சொல்லி நேத்தே அனுப்பிட்டாரு."

"கார்க் பத்தி யார் சொன்னது?"

"டாக்டர்தாங்கா. முதலாளிய ரூமுக்குள்ள உக்கார வச்சி இங்கிலீஷ்ல எல்லாம் வெவரமா சொன்னாரு."

"ஏகாம்பரம்?"

"வெளில நின்னுக்கினு இருந்தாரு. கார்க்க கையில குடுத்து அவரையே போடச் சொன்னாரு டாக்டர். போட்டதும் குரல் வந்துச்சு பாருங்க, அவருக்கு ஒரே சந்தோசம். எல்லாரையும் கும்புட்டுட்டுப் போனாரு."

"அந்தம்மா?"

"வரவே இல்லக்கா. தறியில இருந்துச்சாம்."

அந்த வாரமே ரிவ்யூவுக்கு வரச் சொல்லியிருப்பதாகச் சொன்னாள். சரி, வரும்போது அவளையும் வரவழைத்துப் பேசிக்கொள்ளலாம் என்று இருந்தேன். டாக்டர் சொன்னதை முதலாளி வீட்டில் போய்ச் சொல்லியிருப்பார் என்றுதான் யாரும் நினைப்பார்கள். ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போனது குற்றம் என்று என் மீது யாராவது சுமத்தினால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். அப்படிச் சுமத்தவும் பார்த்தார்கள்.

ரிவ்யூவுக்கு அவர் வரவில்லை. முதலாளி வீட்டு ஆள்தான் வந்து, ஏகாம்பரம் தூக்கத்திலேயே போய்விட்டார், எடுத்தும் ஆயிற்று என்று சொல்லிவிட்டுப் போனான். டாக்டர் மெட்ராஸிலிருந்து திரும்பியிருக்கவில்லை. அங்கே அவர் பேச்சுக்கு நல்ல கைதட்டலாம். செத்தவரைப் பிழைக்க வைத்த கதைக்குக் கைதட்டிக்கொண்டிருந்திருக்கிறார்கள்.

6. கறுக்காத வெள்ளி

காரியமெல்லாம் முடிந்து சில நாள் கழித்து பச்சையம்மா முதலாளியோடு ஆஸ்பத்திரிக்கு வந்தாள். ட்யூப் ஆஸ்பத்திரிச் சொத்து, திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று அவர் கூட்டி வந்திருந்தார். அவர் டாக்டர் ரூமுக்குப் போக, அவள் என்னைத் தேடி வார்டுக்கு வந்தாள். நெற்றியில் பொட்டு இல்லை. முந்தானையில் முடிந்து வைத்திருந்ததை அவிழ்த்தாள். ஒரு மெல்லிய துணி, அதற்குள் ட்யூப், கார்க்.

ட்யூப் பளபளவென்று இருந்தது. நான் ஆச்சரியப்பட்டேன். வெள்ளி ட்யூப் தொண்டைச் சளி பட்டுக் கறுத்துப்போகும். வார்டில் அதைத் தேய்க்கவே தனி நேரம் வேண்டும்.

"எப்படி இப்படி வச்சிருந்தே?"

"பாத்து பாத்து வச்சிருந்தேன் சிஸ்டர்," என்றாள். அந்தத் துக்கத்திலும் அவள் குரலில் கொஞ்சம் பெருமை இருந்தது. "வெள்ளியாச்சே. பனி பட்டா கறுத்துடும் இல்ல? தறியில பாவு மேல, ஜரிகை மேல, பொழுது சாஞ்சா துணி போட்டு மூடிடுவோம். தெறந்து போட்டா ஜரிகை செத்துடும். அதான் இதையும் சாயந்திரம் ஆனா மூடிய நல்லா அழுத்தி, மேல துணி சுத்திடுவேன்."

"ராத்திரி மூடி வச்சியா?"

"பகல்லயும் மூடித்தான் இருந்துச்சு. வெளியாளு பாத்தா புத்துநோவுன்னு சொல்வாங்க, மூடியே வையின்னு மொதலாளி சொன்னாரு. எங்க வூட்டுக்காரரும், மூடி போட்டு அனுப்பிட்டாங்க, நோவு தீந்துபோச்சு, ஓட்டை தானா தூந்துடும்னு சொன்னாரு." அவள் என் முகத்தைப் பார்த்தாள். "இன்னா சிஸ்டர்? மூடக் கூடாதா?"

ஆபரேஷன் என்றால் நம் ஜனங்களுக்குக் கெட்டதை வெட்டி எடுப்பது. எடுத்தால் நோய் போயிற்று, மிச்சம் புண், புண்ணை மூடுவார்கள். அந்த ஓட்டையேதான் மருந்து என்று யார் நினைப்பார்கள்? உள்ளே ட்யூப் பாதி வழியை அடைத்துக்கொண்டிருக்கிறது. அதன் வாயையும் மூடினால் தூங்குகிறவனுக்கு முன்னைவிட மோசம்.

"கொறட்ட வரலையா?" என்று கேட்டேன்.

"வந்துச்சு சிஸ்டர். மறுநாளே மொதலாளிகிட்ட சொன்னேன். அறுத்த தொண்டை, சத்தம் வரத்தான் செய்யும், டாக்டர் வந்ததும் கேக்கலாம்னாரு. எங்க வூட்டுக்காரரும், நீ ஏன் முழிச்சிக்கினு இருக்க, அதான் சரியாயிடுச்சே, நிம்மதியா தூங்குன்னாரு. தூங்கிட்டேன். எத்தினி வருசத் தூக்கம்! அசந்து தூங்கிட்டேன்."

அதற்குள் டாக்டர் ரூமிலிருந்து கூப்பிட்டார்கள். நானும் கூடவே போனேன். போகச் சொல்லி யாரும் சொல்லவில்லை.

டாக்டர் ட்யூபை வாங்கிப் பார்த்தார். கார்க்கையும் பார்த்தார். நான் நடந்ததைச் சொன்னேன். சொல்லாமல் இருந்திருக்கலாமோ என்று பிறகு யாராவது கேட்டால், சொல்லாமல் எப்படி இருப்பது? இன்னொருத்தருக்கும் அதே கார்க்கைத்தானே கொடுப்பார்கள்.

டாக்டர் எழுந்து நின்றுவிட்டார். "ராத்திரி மூடி வச்சீங்களா? உங்களுக்கு அறிவிருக்கா? ராத்திரி திறக்கணும்னு அவ்வளவு தெளிவா சொன்னேனே!"

ராஜமாணிக்கம் உடனே, "நான் சொன்னேன் சார். இவதான் காதுல வாங்கல. இதுங்களுக்கு எத்தினி சொன்னாலும் அவ்ளோதான்," என்றார். கண்ணைக்கூடச் சிமிட்டவில்லை பாவி.

பச்சையம்மா இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"எங்கிட்ட யாரும் சொல்லலியே டாக்டர். நான்தானே பக்கத்துல படுத்துக்கினு இருந்தேன்?"

"யூ ஹேவ் கில்ட் யுவர் ஓன் மேன்," என்றார் டாக்டர். இங்கிலீஷில் சொன்னதால் அவளுக்குப் புரிந்திருக்காது என்று நான் நினைத்தேன். முதலாளி தமிழில் சொல்லிக் காட்டினார். அதை மட்டும் மறக்காமல், ஒரு சொல் விடாமல் சொன்னார்.

"சார், நீங்க தப்பான ஆளுகிட்ட சொன்னீங்க," என்றேன் நான். "வெளிய போங்க சிஸ்டர்," என்றார் டாக்டர். போனேன். கதவை அறைந்து சாத்திவிட்டுப் போனேன். மெமோ வந்தது, வாங்கி வைத்துக்கொண்டேன்.

7. கற்றுக்கொண்டவர்கள்

டாக்டர் பாடம் கற்றுக்கொண்டார், இல்லை என்று சொல்ல மாட்டேன். அடுத்து ஓர் அரிசி மில்காரருக்கு இதே ஆபரேஷன் செய்தார். டிஸ்சார்ஜுக்கு முன்னால் அவரே என்னைக் கூப்பிட்டு, "சிஸ்டர், அவங்க மிஸ்ஸஸை வார்டுல தங்க வச்சு எல்லாம் சொல்லிக் குடுங்க," என்றார். என் முகத்தை மட்டும் பார்க்கவில்லை. அந்த மனுஷன் நன்றாக இருந்தார், பேரன் கல்யாணம் வரை பார்த்தார். மெட்ராஸ் மீட்டிங்குகளில் டாக்டர் அவரைப் பற்றித்தான் பேசுவார் என்று சொல்வார்கள். ஏகாம்பரத்தைப் பற்றி வாய் திறந்ததில்லை.

இப்போது நர்ஸாக இருக்கிற பெண்களுக்கு நான் சொல்வது இதுதான். டிஸ்சார்ஜ் என்றால் ராத்திரி அந்த நோயாளியின் பக்கத்தில் படுக்கப்போவது யார் என்று முதலில் கேளுங்கள். பெண்டாட்டியோ, மகனோ, கூலிக்கு வந்த ஆளோ, யாராக இருந்தாலும் வரவழையுங்கள். சொல்லாதீர்கள், செய்து காட்டச் சொல்லுங்கள். எதற்காகச் செய்கிறோம் என்று அவர்கள் வாயாலேயே சொல்லச் சொல்லுங்கள். அவர்கள் வீட்டில் வெள்ளியை எப்படி வைப்பார்கள், எதை மூடுவார்கள், எதைத் திறப்பார்கள் என்று நமக்குத் தெரியாது. கேட்டால்தான் தெரியும். நாற்காலியில் உட்கார்ந்திருக்கிற பார்ட்டி முறைப்பார், டாக்டர் முறைப்பார். முறைக்கட்டும். திமிர் பிடித்த நர்ஸ் என்ற பெயரோடுதான் நான் ரிட்டயர் ஆனேன்.

ஆனால் பாடம் என்று எழுதும்போதே எனக்கு நாக்கு கசக்கிறது. அந்தப் பாடத்துக்கு விலை கொடுத்தவளுக்கு அதனால் ஒரு பிரயோஜனமும் இல்லை. மூடி வைத்துப் புருஷனைக் கொன்றவள் என்று தெருவே பேசியது. டாக்டர் ரூமுக்குள் நாலு பேருக்கு நடுவில் சொன்ன வார்த்தை தெருவுக்கு எப்படிப் போனது என்று நான் சொல்ல வேண்டியதில்லை. ஊர் வாயை மூட உலைமூடி உண்டா?

ஒருநாள் டூட்டி முடிந்ததும் அவள் வீட்டைத் தேடிப் போனேன். தறி அங்கேயேதான் இருந்தது. புருஷன் இடத்தில் அந்த வேறு ஆள். எதிர்ப்பக்கம் அவளே. ராஜமாணிக்கம் அவளைப் போகச் சொல்லவில்லை, அவளைப் போல நாடா வாங்க வேறு கை இல்லையாம். என்னைப் பார்த்ததும் எழுந்து வெளியே வந்தாள். தெருவில் நின்றுகொண்டே சொன்னேன். "பச்சையம்மா, நல்லா கேட்டுக்கோ. உன்மேல தப்பே இல்ல. உன்கிட்ட சொல்லியிருக்கணும், சொல்லல. தப்பு டாக்டர்மேல, தப்பு உன் மொதலாளிமேல. நான் எந்தச் சபையில வேணும்னாலும் வந்து சொல்றேன்."

அவள் பொறுமையாகக் கேட்டுக்கொண்டாள். குடிக்கத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். சொம்பைத் திரும்ப வாங்கிக்கொண்டு சொன்னாள்.

"நீங்க நல்லவங்க சிஸ்டர். அதான் இத்தினி தூரம் வந்து இப்பிடிச் சொல்றீங்க. மூடினது என் கைதானே?"

நான் எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். அவள் நம்பவில்லை.